தாகமும் கவனமும்

(பத்தாம் வகுப்பு மாணவி, செட்டிகுளம்)

முன்னுரை

திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரம் வான்சிறப்பு. நீரின் அருமையை நம் முன்னோர் எந்த இடத்தில் வைத்துப் போற்றினர் என்பதற்கு இது ஒன்றே சான்றாகும். பயிருக்கு நீர் வேண்டும், மாட்டுக்கு நீர் வேண்டும் என்பதைக் கரிசல் காட்டில் பிறந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வகுப்பறையில் அமர்ந்து கணக்குப் போடும் மூளைக்கும் நீர் வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது ஒரு திருப்புதல் தேர்வு.

அன்று வெயில் கடுமை. பிற்பகல் கடைசிப் பாடவேளையில் கணக்குத் தேர்வு எழுதினோம். விடைத்தாள்கள் திரும்பி வந்தபோது வகுப்பே தலைகுனிந்தது. தெரியாத கணக்கு ஒன்றுமில்லை. வழிமுறை எல்லாம் சரி. ஆனால் ஒருத்தி 36 என்பதை 63 என்று எழுதியிருந்தாள். ஒருத்தி கழித்தல் குறியைக் கூட்டலாகப் படித்திருந்தாள். சுற்றளவு கேட்ட இடத்தில் பரப்பளவு கண்டவர்கள் பலர்.

எங்கள் ஆசிரியை கோபிக்கவில்லை. “எல்லாரும் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வையுங்கள்” என்றார்கள். வைத்தோம். காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்தபடியே பெரும்பாலான பாட்டில்கள் கழுத்துவரை நிறைந்திருந்தன.

“மாலையில் இந்தத் தண்ணீரை என்ன செய்வீர்கள்?”

“கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவோம், டீச்சர்” என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. “செடி குடிக்கிறது, நீங்கள் குடிக்கவில்லை. இந்தப் பாட்டிலுக்கும் அந்த 63க்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று நீங்களே கண்டுபிடித்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்” என்றார்கள். அவ்வாறு நாங்கள் படித்தவற்றையும் செய்து பார்த்தவற்றையும் இங்கே தருகிறோம்.

தாகம் எப்படி உண்டாகிறது?

மனித உடலின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு நீர். மூளையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீரே. நாம் சும்மா அமர்ந்திருக்கும்போதும் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. வெயிலில் நடந்தாலோ விளையாடினாலோ வியர்வையாகவும் போகிறது. நீர் குறையக் குறைய இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது.

இதைக் கண்டுகொள்ளும் காவலர் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் இருக்கின்றனர். செறிவு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு உயர்ந்தாலே போதும், அவர்கள் விழித்துக்கொள்வார்கள். உடனே பிட்யூட்டரி சுரப்பியின் பின்கதுப்பிலிருந்து வாசோபிரஸ்ஸின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. நம் பாடநூலில் உள்ள அதே ஹார்மோன்தான். அது சிறுநீரகத்துக்குச் சென்று, ‘நீரை வீணாக்காதே, திரும்ப உறிஞ்சிக்கொள்’ என்று ஆணையிடுகிறது. அதனால்தான் தண்ணீர் குடிக்காத நாளில் சிறுநீர் குறைவாகவும் அடர்மஞ்சளாகவும் வெளியேறுகிறது. அத்துடன் வாய் உலர்ந்து தாக உணர்ச்சியும் தோன்றுகிறது.

இழப்பை விழுக்காட்டில் சொல்வது அறிவியலார் வழக்கம். 45 கிலோ எடையுள்ள ஒரு மாணவிக்கு ஒரு விழுக்காடு என்பது 450 கிராம். இரண்டு விழுக்காடு என்பது 900 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர் பாட்டில் அளவு. மேலே வரும் ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த இரண்டு எண்களையும் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

துலங்கல் நேரம்

கண் ஒன்றைக் கண்டது முதல் கை அதற்கேற்ப அசையத் தொடங்குவது வரை ஆகும் நேரமே துலங்கல் நேரம் ஆகும். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வது அனிச்சைச் செயல். அது தண்டுவடத்தின் வழியாகவே முடிந்துவிடும், மூளையின் ஆணைக்குக் காத்திராது. ஆனால் பந்து வருவதைப் பார்த்துப் பிடிப்பது அப்படியன்று. கண் கண்ட செய்தி மூளைக்குச் சென்று, மூளை முடிவு செய்து, தண்டுவடம் வழியாகக் கைத்தசைகளுக்கு ஆணை வர வேண்டும். இதற்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் ஆகிறது.

அற்ப நேரம் என்று எண்ண வேண்டா. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் நம் நாட்டின் பி.டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில். ஓட்டப் பந்தயங்களில் துப்பாக்கி ஒலித்து 0.1 விநாடிக்குள் ஒருவர் புறப்பட்டால், அவர் ஒலியைக் கேட்டுப் புறப்படவில்லை, முன்னதாகவே புறப்பட்டுவிட்டார் என்று கொள்வது விதி. காதில் விழுந்த ஒலி காலுக்கு வந்துசேர அவ்வளவு நேரமேனும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

அளவுகோல் சோதனை

இந்த நேரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று போதும். ஒருத்தி அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொருத்தி அதன் கீழ்முனையில், பூச்சியக் கோட்டருகே, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். முதலாமவள் சொல்லாமல் கொள்ளாமல் அளவுகோலை விட்டுவிடுவாள். இரண்டாமவள் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தில் உள்ள எண்ணே விழுந்த தொலைவு.

புவியீர்ப்பால் விழும் பொருளின் தொலைவு, முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். முடுக்கம் 9.8 எனக் கொண்டு கணக்கிட்டால் வருவன இவை:

10 செ.மீ. – 0.143 விநாடி
15 செ.மீ. – 0.175 விநாடி
20 செ.மீ. – 0.202 விநாடி
25 செ.மீ. – 0.226 விநாடி
30 செ.மீ. – 0.247 விநாடி

விளையாட்டுப் பாடவேளை முடிந்து, நாக்கு வறண்டு வந்த நிலையில் நாங்கள் இச்சோதனையைச் செய்தோம். பிறகு தண்ணீர் குடித்துச் சிறிது இளைப்பாறி மறுபடியும் செய்தோம். இரண்டாம் முறை எல்லாரும் விரைவாகப் பிடிப்பர், கட்டுரை முடிந்துவிடும் என்று நம்பியிருந்தோம்.

அப்படி நடக்கவில்லை. சிலர் விரைவாகப் பிடித்தனர். சிலர் முன்னிலும் தாமதமாகப் பிடித்தனர். ஒரே மாணவியின் ஐந்து முயற்சிகளே ஐந்து விதமாக இருந்தன. விரைவாகப் பிடித்தவர்களையும் நம்ப முடியவில்லை. “இரண்டாம் முறை செய்யும்போது கை பழகிவிடுகிறதே, அந்த விரைவு தண்ணீரால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா, இளைப்பாறியதால் வந்ததா?” என்று ஆசிரியை கேட்டபோது எங்களிடம் விடையில்லை. ஏமாற்றத்துடன் அறிஞர்கள் செய்த ஆய்வுகளைத் தேடிப் படித்தோம். அங்கேதான் எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது.

அறிஞர்கள் கண்டவை

முதலில் நம் நாட்டு ஆய்வைச் சொல்ல வேண்டும். டெல்லியிலுள்ள பாதுகாப்புத் துறையின் உடலியங்கியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கோபிநாதன், பிச்சன், சர்மா ஆகியோர் 1988ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெப்பத்துக்குப் பழகிய 11 பேரை வெப்ப அறையில் உடற்பயிற்சி செய்வித்து, உடல் எடையில் 1 முதல் 4 விழுக்காடு வரை நீர் இழக்கச் செய்தனர். பிறகு ஓய்வு தந்து, சொற்களை நினைவுகூர்தல், தொடர் கூட்டல், கோட்டுப் பாதையைத் தொடர்ந்து வரைதல் என மூன்று சோதனைகள் வைத்தனர். நீரிழப்பு 2 விழுக்காட்டை எட்டியதும் மூன்றிலும் திறன் தெளிவாகக் குறைந்தது. தொடர் கூட்டல் என்ற சொல்லைப் படித்ததும் எங்களுக்கு அந்த 63 நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தார் இன்னும் குறைந்த இழப்பை ஆராய்ந்தனர். 2011இல் வெளியான ஆய்வில் இளைஞர் 26 பேர் சராசரியாக 1.59 விழுக்காடு நீர் இழந்தபோது, திரையை விடாது பார்த்திருக்கும் காவல் போன்ற பணியில் அவர்களின் பிழைகள் பெருகின. 2012இல் இளம்பெண்கள் 25 பேரை ஆராய்ந்தனர். இழப்பு 1.36 விழுக்காடு மட்டுமே. அவர்களுடைய சோதனை மதிப்பெண்கள் பெரும்பாலும் குறையவில்லை. ஆனால் தலைவலி வந்தது, சோர்வு வந்தது, மனம் ஒருமுகப்படவில்லை, செய்யும் வேலை வழக்கத்தைவிடக் கடினமாகத் தோன்றியது.

இதை நாங்கள் இருமுறை படித்தோம். வேலை கடினமாகவில்லை, கடினமாகத் தோன்றியது! ‘எனக்குக் கணக்கே வராது’ என்று பிற்பகலில் நாம் சொல்லிக்கொள்ளும் சொல்லில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தாகம்?

2018இல் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தார் அதுவரை வெளிவந்த 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அவற்றில் பங்குகொண்டோர் 413 பேர். நீரிழப்பு 2 விழுக்காட்டைத் தாண்டும்போது கவனம், திட்டமிட்டுச் செயல்படும் திறன், கையும் கண்ணும் இணைந்து செய்யும் வேலை ஆகியவையே அதிகம் பாதிக்கப்பட்டன. வெறும் துலங்கல் நேரம் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை.

எங்கள் அளவுகோல் ஏன் எங்களை ஏமாற்றியது என்பது இப்போது விளங்கிற்று. அளவுகோலைப் பிடிப்பது கால் விநாடி வேலை. அந்தக் கால் விநாடிக்கு மட்டும் களைத்த மூளையும் தன்னைத் திரட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்றரை மணி நேரம் தேர்வு எழுதுவதும், பகல் முழுதும் வண்டி ஓட்டுவதும் அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு நிமிடமும் விழிப்பு வேண்டும். தாகம் கையைத் தாமதப்படுத்துவதற்கு முன்பே கவனத்தைக் களவாடிவிடுகிறது.

அப்படியானால் துலங்கல் நேரத்துக்கும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. லண்டனில் 34 பேரைக் கொண்டு செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரவு முழுதும் உண்ணாமல் பருகாமல் வந்தவர்களுள் மிகவும் தாகமாக இருந்தவர்கள், தண்ணீர் குடித்த நாளில் விரைவாகத் துலங்கினர். தாகமில்லாதவர்களுக்கு அந்தப் பயன் இல்லை. அதே ஆய்வின் சிக்கலான வேறொரு சோதனையில் தண்ணீர் குடித்த நாளில் சற்றுப் பின்தங்கவும் செய்தனர். ஆகவே தண்ணீர் மந்திர மருந்தன்று. குறைந்ததை நிரப்பும், இல்லாததைத் தராது. படிக்காத பாடம் பத்து டம்ளர் குடித்தாலும் வாராது!

நெடுஞ்சாலையில்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நம் ஆலத்தூர் வட்டத்தின் வழியே செல்கிறது. இரவும் பகலும் ஓயாது ஓடும் பேருந்துகளையும் சரக்கு லாரிகளையும் பாடாலூர் செல்லும்போது நாம் காண்கிறோம். அவற்றை ஓட்டுவோரின் விழிப்பில் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன!

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியது. ஆண் ஓட்டுநர்களை உண்மைச் சாலை போன்ற அமைப்பில் இரண்டு மணி நேரம் ஓட்டச் செய்தனர். வழக்கம்போல் நீர் பருகிய நாளில் அனைவரும் சேர்ந்து செய்த பிழைகள் 47. நீரைக் குறைத்துக்கொண்ட நாளில் 101. பாதைக் கோட்டைத் தாண்டுவதும், தாமதமாகப் பிரேக் பிடிப்பதும் இப்பிழைகளுள் அடங்கும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 16.7 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநரின் கால் 0.2 விநாடி தாமதித்தால் வண்டி 3.3 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்கு அந்த 3.3 மீட்டர் எவ்வளவு பெரிது என்று சொல்லவும் வேண்டுமோ?

வெங்காயக் காட்டில்

நமது செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. பச்சைமலைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் இந்தக் காடுகளில் பருத்தியும் மக்காச்சோளமும் போல வெங்காயமும் எங்கள் வீடுகளின் சோறு. வெங்காயம் பிடுங்குவதும், தாள் அறுப்பதும், பட்டறை போடுவதற்குத் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை.

எங்களுள் ஒருத்தியின் அம்மாவுக்குச் சென்ற அறுவடையின்போது தாள் அறுக்கையில் அரிவாள் விரலில் பட்டுவிட்டது. நேரம் பிற்பகல் மூன்று மணி. இருபது ஆண்டுகளாக அதே வேலையைச் செய்துவரும் கை அது. “கை தப்பிப்போச்சு” என்று மட்டும் சொன்னார்கள். இக்கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கியபின் மகள் அம்மாவிடம் கேட்டாள்: “அன்னைக்குத் தண்ணி எப்போம்மா குடிச்சீங்க?”

“காலையில கஞ்சி குடிச்சதோட சரி. குடிச்சா ஒதுங்க எங்கேடி போறது? வெட்ட வெளியில மறைவு ஏது? பொழுது சாயட்டும்னு இருந்திடுவோம்.”

காயத்துக்குத் தாகம்தான் காரணம் என்று நாங்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. வெயிலும் உண்டு, களைப்பும் உண்டு. ஆனால் நீரிழப்பால் அதிகம் பாதிக்கப்படுபவற்றுள் கையும் கண்ணும் இணைந்து செய்யும் வேலையும் ஒன்று என்பதை மேலே கண்டோம். அந்த அம்மா சொன்ன காரணம் அவர்களுடையது மட்டுமன்று என்பதையும் அன்று உணர்ந்தோம். எங்கள் பாட்டில்கள் நிறைந்தபடியே வீடு திரும்பியதற்கும் அதே காரணந்தான்.

நாம் ஏன் குடிப்பதில்லை?

வெளிப்படையாக எழுதலாமா என்று தயங்கினோம். எழுதுங்கள் என்று தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களே ஊக்கம் தந்தார்கள். நாங்கள் தண்ணீர் குடிக்காதது மறதியால் அன்று. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்ற அச்சத்தால்தான்.

இப்பள்ளியில் சேருமுன் வேறு பள்ளிகளில் படித்த தோழியர் தாழ்ப்பாள் இல்லாத கதவுகளையும் தண்ணீர் வராத குழாய்களையும் பற்றிச் சொன்னார்கள். அங்கே தொடங்கிய பழக்கம் இங்கு வந்த பிறகும் விடவில்லை. இங்கே கழிப்பறை நன்றாக இருந்தும், இடைவேளையில் வரிசை நீளம், மணி அடித்துவிடும். வகுப்பு நடுவே எழுந்து அனுமதி கேட்கக் கூச்சம். மாதத்தில் சில நாள்களில் இத்தயக்கம் இரட்டிப்பாகும். பேருந்தில் வருவோருக்கு வீடு சேரும் வரை கவலை. எனவே காலை ஏழு மணிக்கு ஒரு வாய் காப்பி, மாலை ஐந்து மணிக்கு ஒரு செம்பு தண்ணீர், இடையில் பாலைவனம்!

இதனால் வரும் தீங்கு கவனக்குறைவோடு நின்றுவிடுவதில்லை. சிறுநீரை அடக்குவதும் நீரைக் குறைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிகோலும். அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளான 140 பெண்களை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாக நீர் பருகியவர்களுக்கு ஆண்டில் சராசரி 1.7 முறையும், பருகாதவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. காய்ச்சலோடு படுத்தால் தேர்வும் போயிற்று, படிப்பும் போயிற்று.

பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறக்காதிருக்க 2019ஆம் ஆண்டில் கேரளத்தின் சில பள்ளிகளில் ‘தண்ணீர் மணி’ அடிக்கத் தொடங்கினர். நம் தமிழ்நாட்டிலும் 2025ஆம் ஆண்டில் பள்ளிக் கல்வித்துறை இத்திட்டத்தைக் கொண்டுவந்தது. காலை 11 மணி, பிற்பகல் 1 மணி, 3 மணி என மூன்று வேளை மணி அடிக்கும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை மணி மட்டும் அடித்தால் போதாது. குடித்த தண்ணீர் வெளியேற வழியும் வேண்டும். தண்ணீர் மணியும் கழிப்பறைக் கதவும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை விட்டு ஒன்று வளராது.

இதைச் சிஸ்டர் அவர்களிடம் சொல்ல நாங்கள் நால்வர் போனோம். போகும்போது கால் நடுங்கிற்று. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அடுத்த வாரமே ஒவ்வொரு வகுப்பின் கதவருகிலும் ஓர் ஆணியில் மரவில்லை ஒன்று தொங்கியது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வில்லை ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், வந்து மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு சிறு மரத்துண்டு எத்தனை பேருடைய கூச்சத்தைப் போக்கிற்று என்று சொல்லி முடியாது.

எவ்வளவு, எப்படி?

ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பது வெயிலையும் வேலையையும் உடலையும் பொறுத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் என்று கூறியது. இதில் உணவிலிருந்து கிடைக்கும் நீரும் சேரும். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் சித்திரை வெயிலில் வியர்ப்பவர்களுக்கு இன்னும் வேண்டும். கணக்குப் பார்ப்பதைவிட எளிய வழி சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது. வெளிர்மஞ்சள் என்றால் நலம். அடர்மஞ்சள் என்றால் உடல் தண்ணீர் கேட்கிறது.

ஒரேயடியாக ஒரு செம்பைக் கவிழ்ப்பதைவிட வேளை வேளையாகக் குடிப்பதே நன்று. தேர்வறைக்குள் நுழையும் நேரத்தில் வயிறு முட்டக் குடித்தால், எழுத வேண்டிய கவனம் வேறெங்கோ போய்விடும். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், பள்ளிக்குப் புறப்படுமுன் ஒரு டம்ளர், பிறகு மணிக்கு மணி சில மிடறுகள் என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

மிகையும் தீது. சிறிது நேரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கமும் உயிருக்கு ஆபத்தும் நேரலாம். சிறுநீரக நோயும் இதய நோயும் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே கடைப்பிடிக்க வேண்டும். வெயிலில் உழைத்து மிகுதியாக வியர்ப்பவர்களுக்குத் தண்ணீரோடு உப்பும் போகிறது. உப்பிட்ட நீர்மோரும் பழைய சோற்று நீராகாரமும் இரண்டையும் ஒருங்கே தருகின்றன. நம் ஊர்த் தண்டாயுதபாணி கோயிலில் பங்குனி உத்திரத்தன்று மலையேறி வருவோருக்குப் பானையில் நீர்மோர் மொண்டு தருகிறார்களே, தவித்த வாய்க்குத் தண்ணீர் தரும் அந்த அறத்தில் அறிவியலும் அடங்கியிருக்கிறது.

முடிவுரை

தோழியரே, நாங்கள் கண்டது இதுதான். தாகம் நம்மை உடனே மந்தமாக்கிவிடுவதில்லை. அளவுகோலை நாம் அப்போதும் பிடிப்போம். அதனால்தான் தாகத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அது சிறிது சிறிதாக விழிப்பைத் தின்கிறது. 36ஐ 63 ஆக்குகிறது, எளிய கணக்கைக் கடினமாகக் காட்டுகிறது, அரிவாள் பிடித்த கையைத் தடுமாற வைக்கிறது. பொதுத்தேர்வை எழுதப்போகும் நமக்கு மூன்று மணி நேரமும் அந்த விழிப்பு வேண்டும்.

நாம் குடிப்பதோடு கடமை முடிந்துவிடவில்லை. காட்டு வேலைக்குப் போகும் நம் அம்மாவும் அத்தையும் சித்தியும் குடிக்க வேண்டும். நான்கு கம்பும் ஒரு பழைய சேலையும் இருந்தால் வரப்போரம் ஒரு மறைவு கட்டலாம். விரலில் காயம்பட்ட அம்மாவின் காட்டில் அவர் மகளும் நாங்களும் ஒரு விடுமுறை நாளில் அப்படி ஒன்று கட்டினோம். அன்று முதல் அங்கே வேலைக்கு வரும் பெண்கள் மண்பானைத் தண்ணீரைப் பகலிலேயே குடிக்கிறார்கள். பானை நண்பகலுக்குள் காலியாகிவிடுவதாகவும், இன்னொரு பானை வாங்க வேண்டும் என்றும் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் பாட்டில்களும் இப்போது காலியாகவே வீடு திரும்புகின்றன. கறிவேப்பிலைச் செடிக்குத் தனியே ஒரு குவளை ஊற்றுகிறோம்.